கிட்டாரில் கமகம்

கிட்டார் என்னும் வாத்தியத்தைப் பற்றி நம் வீடுகளில் ஓர் எண்ணம் நிலைத்துவிட்டது. கல்லூரி விழாவில் இளைஞர்கள் தோளில் மாட்டிக்கொண்டு ஆர்ப்பரிக்கும் கருவி அது. திரைப்பாடலின் நடுவே சிறிது தலைகாட்டி மறையும் கருவி அது. மற்றபடி அதற்கும் நம் சங்கீதத்திற்கும் யாதோர் உறவும் இல்லை என்பது அவ்வெண்ணம். வீணை பூஜையறை அருகில் இருக்கலாம், வயலின் கூடத்தில் இருக்கலாம், கிட்டாருக்கு மட்டும் மொட்டைமாடிதான் இடம். இவ்வெண்ணத்தோடு இருப்பவர்கள் ஒரு மாலைப் பொழுதில் கிட்டார் பிரசன்னாவின் ராக ஆலாபனை ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்க வேண்டும். முதல் நிமிடத்தில் இது வீணையோ என்று ஐயுறுவர். அடுத்த நிமிடத்தில் வீணை இல்லை என்பது தெளிவாகும். பின்னர் என்ன கருவி என்ற கேள்வியே மறந்துபோகும். அம்மறதியை உண்டாக்கிய வித்துவானைப் பற்றியே இத்திங்கள் எழுத விழைகிறேன்.

அன்றைய வட ஆர்க்காடு மாவட்டத்து இராணிப்பேட்டையில் பிறந்தவர் பிரசன்னா. சென்னை ஐ.ஐ.டி.யில் கப்பல் கட்டும் பொறியியல் பயின்று பட்டம் பெற்றார். பின்னர் அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்துப் பெர்க்லி இசைக் கல்லூரியில் மேனாட்டு இசையை முறையாகக் கற்றார். இவ்விரண்டையும் சொல்லிவிட்டு நின்றால் பாதிக் கதைதான். திருவாரூர் பாலசுப்பிரமணியம் அவர்களிடமும், வயலின் மேதை ஏ. கன்யாகுமரி அவர்களிடமும் கர்நாடக சங்கீதம் கற்றவர் என்பதே அவர் வாசிப்பின் ஆணிவேர். கையில் இருப்பது கிட்டாராயினும், அவருக்குப் பாடம் சொல்லியவர்கள் நம் சம்பிரதாயத்தினர்.

வெளிநாட்டுக் கருவியில் நம் இசையா என்று புருவத்தை நெரிப்பவர்கள் சற்றே வரலாற்றைத் திரும்பிப் பார்த்தல் நலம். இன்று வயலின் இல்லாத கச்சேரி உண்டா? முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் ஆங்கிலேயரிடம் வயலினைக் கற்று நம் இசைக்குக் கொண்டுவந்து இருநூறு ஆண்டுகளே ஆகின்றன. தஞ்சை நால்வருள் ஒருவரான வடிவேலு அதனை மேலும் வளர்த்தார். கிளாரினெட்டை ஏ.கே.சி. நடராஜன் அவர்கள் நாதஸ்வரத்தின் உடன்பிறப்பாக்கினார். கத்ரி கோபால்நாத் சாக்ஸபோனை இராம நவமிப் பந்தலுக்கு அழைத்துவந்தார். நம் அண்டை மண்ணான கோதாவரிக் கரையில், பாலகொல்லில் 1969-இல் பிறந்த யு. ஸ்ரீநிவாஸ் மாண்டலின் என்ற சிறு கருவியையே தம் பெயராக்கிக்கொண்டு 2014-இல் மறைந்தார். கிட்டாரிலும் பிரசன்னாவுக்கு முன்னரே சுகுமார் பிரசாத் கர்நாடக இசை வாசித்துப் பெயர் பெற்றவர். ஆகவே வாசல் முன்னரே திறந்திருந்தது. அவ்வாசலில் நுழைந்து எத்துணை தூரம் நடந்தார் என்பதே பிரசன்னாவைப் பொறுத்துக் கேட்கத்தக்க கேள்வி.

இங்கே கருவியின் அமைப்பைச் சிறிது விளக்காமல் மேலே செல்ல இயலாது. நம் இசையின் உயிர் கமகம். ஒரு ஸ்வரம் தன்னிடத்தில் கல்லைப்போல் நிற்பதில்லை. அசையும், வழுக்கும், பக்கத்து ஸ்வரத்தைத் தொட்டு மீளும். தோடியின் காந்தாரத்தை அசைக்காமல் நிறுத்தினால் அது தோடியே அன்று. வீணையில் இருபத்துநான்கு மெட்டுகளும் மெழுகின்மேல் உயர்ந்து நிற்பதால், தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து ஒரே மெட்டில் இரண்டு மூன்று ஸ்வரங்களைப் பிடிக்கலாம். கிட்டாரிலோ மெட்டுகள் தாழ்ந்தவை. தந்தி பலகையை ஒட்டியே செல்கிறது. ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டு சமப் பங்குகளாக வெட்டி வைத்திருக்கிறார்கள். மேலும், மீட்டிய ஒலி விரைவில் அடங்கிவிடும். ஒலி அடங்கியபின் எதனை அசைப்பது? வயலினுக்கு வில் உண்டு, நாதஸ்வரத்துக்கு மூச்சு உண்டு, சாதாரணக் கிட்டாருக்கு இரண்டும் இல்லை.

மின்சாரம் இத்துன்பத்தைத் தீர்த்தது. மின்கிட்டாரில் ஒருமுறை மீட்டினால் ஒலி நெடுநேரம் நிற்கும். அந்நேரத்திற்குள் விரல் மேலும் கீழும் ஓடிக் கமகத்தைப் பிடித்துவிடலாம். ஸ்ரீநிவாஸ் மின் மாண்டலினை எடுத்துக்கொண்டதற்கும், வழக்கமான எட்டுத் தந்திகளை விடுத்து ஐந்து தந்திகளோடு வாசித்ததற்கும் இத்தகைய தேவைகளே காரணம். ஆங்கிலேயக் கிட்டார் வித்துவான் ஜான் மக்லாஃப்ளின் 1970களில் எல். சங்கர், ஜாகிர் உசேன், விக்கு விநாயக்ராம் ஆகியோருடன் சக்தி என்ற குழுவை அமைத்தபோது வேறொரு வழி கண்டார்: மெட்டுகளுக்கு இடையிலுள்ள மரத்தைக் குடைந்து பள்ளமாக்கி, வீணையைப்போல் தந்தியை இழுக்க இடம் செய்துகொண்டார். பிரசன்னா சாதாரண மின்கிட்டாரையே கையில் எடுத்து, தந்தியை இழுத்தும் அதன்மேல் விரலை வழுக்கியும் கமகத்தைக் கொண்டுவருகிறார். கேட்பதற்கு எளிது போலிருக்கும். வீட்டில் கிட்டார் வைத்திருக்கும் பிள்ளைகளை ஒரு சங்கராபரண ஆரோகணத்தை அவ்வாறு வாசித்துப் பார்க்கச் சொல்லுங்கள். அதன் கடினம் விளங்கும்.

கீர்த்தனைகளைக் கிட்டாரில் வாசித்து அவர் வெளியிட்ட தட்டுகள் பல. புதியவர்கள் அவற்றிலிருந்தே தொடங்க வேண்டும் என்பது என் கருத்து. அவற்றில் புதுமைக்காகச் செய்த புதுமை ஏதும் இல்லை. மிருதங்கம் உண்டு, நிரவல் உண்டு, கற்பனைஸ்வரம் உண்டு; சபையில் முன்வரிசையில் அமரும் பெரியவர் தொடையில் தாளம் போட்டுக்கொண்டு கேட்கலாம். இவ்வடித்தளத்தை அறிந்த பின்பே, அவர் ஏறிய மேல்மாடிகளைப் பார்த்தல் தகும்.

அம்மாடிகளுள் மிகவும் ஆரவாரமானது 2006-இல் வந்த ‘எலெக்ட்ரிக் கணேஷா லேண்ட்’. ஜிமி ஹென்ட்ரிக்ஸ் என்ற ராக் இசை மேதைக்கு அளித்த காணிக்கை அது. ஹென்ட்ரிக்ஸ் 1942-இல் பிறந்து 1970-இல், இருபத்தேழாம் வயதில் மறைந்த அமெரிக்கக் கறுப்பர். இடக்கை வழக்கமுள்ளவராதலின் வலக்கைக் கிட்டாரைத் தலைகீழாக மாட்டிக்கொண்டு வாசித்தவர். ஒலிபெருக்கியின் ஊளையையும் கரகரப்பையும் குற்றமென்று விலக்காமல் அவற்றையே இசையாக்கினார். 1969-இல் உட்ஸ்டாக் பெருவிழாவில் தம் நாட்டு கீதத்தையே வாசித்து, அதன் இடையில் குண்டு விழும் ஓசையையும் விமானத்தின் அலறலையும் கிட்டாரிலிருந்து எழுப்பினார். வியட்நாம் போர் நடந்த காலம் அது. அவர் 1968-இல் வெளியிட்ட தட்டின் பெயர் ‘எலெக்ட்ரிக் லேடிலேண்ட்’. நம்மவர் அதில் பெண்மணியை எடுத்துவிட்டுப் பிள்ளையாரை அமர்த்தினார். எக்காரியத்தையும் பிள்ளையார் சுழியோடு தொடங்குவதுதானே நம் வழக்கம்!

பெயரைப் பார்த்து இது வெறும் வேடிக்கை என்று தள்ளிவிடல் ஆகாது. ஹென்ட்ரிக்ஸின் இசைக்கு வேர் புளூஸ். அமெரிக்கப் பருத்திக் காடுகளில் அடிமைகளாய் உழன்ற ஆப்பிரிக்க மக்களின் பாட்டிலிருந்து பிறந்தது அது. பியானோவின் வெள்ளைக் கட்டைக்கும் கறுப்புக் கட்டைக்கும் இடையில் விழும் ஸ்வரங்கள் அதில் உண்டு. அவற்றைப் பிடிக்கவே கிட்டார்க்காரர்கள் தந்தியை இழுக்கக் கற்றார்கள். நாம் கமகத்திற்காகத் தந்தியை இழுக்கிறோம். அவர்கள் துயரத்திற்காக இழுத்தார்கள். இவ்விரண்டு இழுப்புகளும் சந்திக்கும் இடம் ஒன்று உண்டென்று பிரசன்னா கண்டுகொண்டார். மேனாட்டு முறையில் கரகரக்கும் மின்கிட்டார். உடன் வருவன நம் நாட்டுத் தாள வாத்தியங்கள். ‘ஸ்ரீ ஜிமி’ என்ற உருப்படியின் பெயரே அந்தக் கறுப்பரை நம் பெரியோர் வரிசையில் அமர்த்திவிடுகிறது. திருவல்லிக்கேணியின் பெயர் தாங்கிய உருப்படி ஒன்றும் உண்டு. கடற்கரைச் சுண்டலின் மணத்தை எதிர்பார்த்துக் கேட்டவருக்கு வேறு விருந்து கிடைக்கும்.

ஆயினும் என் மனத்தில் பட்டதைச் சொல்லிவிடுகிறேன். இத்தட்டு முழுவதையும் ஒரே மூச்சில் கேட்க என்னால் இயலவில்லை. ஓசையின் மிகுதியால் சில இடங்களில் ராகம் கூட்டத்தில் தொலைந்த குழந்தையைப்போல் ஆகிவிடுகிறது. இளைஞர்கள் இதனை ஒப்பமாட்டார்கள். ஒப்ப வேண்டியதும் இல்லை.

தனித் தட்டுகளைக் காட்டிலும் பிறரோடு சேர்ந்து வாசித்தவற்றிலேயே அவர் வித்துவம் நன்கு ஒளிர்கிறது என்று எண்ணுகிறேன். 2010-இல் வந்த ‘ராகா பாப் டிரியோ’ என்ற தட்டில் சாக்ஸபோன் வித்துவான் ஜார்ஜ் புரூக்ஸும், டிரம்ஸ் வித்துவான் ஸ்டீவ் ஸ்மித்தும் அவருடன் வாசிக்கிறார்கள். ஸ்மித், ஜர்னி என்னும் புகழ்பெற்ற ராக் குழுவில் வாசித்தவர். நம் கொன்னக்கோலைக் கற்றுக்கொண்டு வாயாலும் சொல்லக்கூடியவர். ஓர் அமெரிக்கர் தாளச் சொற்களைத் தடுக்கி விழாமல் சொல்லக் கேட்பது தனி மகிழ்ச்சி. கணக்குகள் மின்னலாய்ப் பறக்கின்றன. தீர்மானங்கள் மூவருக்கும் ஒரே இடத்தில் வந்து விழுகின்றன. திறமையை வியக்கலாம். நெஞ்சில் தங்குவது குறைவு.

நெஞ்சில் தங்குவது 2011-இல் வெளிவந்த ‘தீர்த்தா’. அதனைப் பற்றிச் சொல்வதற்கு முன், என் உத்தியோகத்தை ஒட்டிய ஓர் உவமையைச் சொல்ல அன்பர்கள் இடம் தர வேண்டும். நம் சிக்கந்தராபாத்தில் முன்னாளில் பிராட் கேஜும் மீட்டர் கேஜும் அருகருகே இருந்தன. ஒன்றில் வந்த சரக்கை மற்றொன்றுக்கு அனுப்ப வேண்டுமானால் மூட்டைகளை இறக்கி, சுமந்து, மீண்டும் ஏற்ற வேண்டும். வழியில் சில மூட்டைகள் கிழியும். இந்திய இசையையும் மேனாட்டு இசையையும் கலக்கும் பெரும்பாலான முயற்சிகள் இந்த மூட்டை மாற்றும் வேலையாகவே முடிகின்றன. சிறிது நேரம் ஆலாபனை, பின்னர் சிறிது நேரம் ஜாஸ், இடையில் சித்தார் ஒலி ஒரு சிட்டிகை. ஆனால் ரயில்வேயில் வேறொரு முறையும் உண்டு. அதே கட்டைகளின்மேல் மூன்றாவது தண்டவாளம் ஒன்றை இட்டுவிட்டால், இரண்டு அளவு வண்டிகளும் ஒரே பாதையில் ஓடலாம். ஒரு தண்டவாளம் இருவருக்கும் பொது. ‘தீர்த்தா’ அத்தகைய பாதை.

இதில் மூவர். பியானோவில் விஜய் ஐயர், கிட்டாரில் பிரசன்னா, தபலாவில் நிதின் மிட்டா. இந்தியா விடுதலை பெற்ற அறுபதாம் ஆண்டாகிய 2007-இல் ஒரு நிகழ்ச்சிக்காகச் சேர்ந்தவர்கள், பின்னரும் பிரியாமல் இத்தட்டை அளித்தார்கள். ஜெர்மனியின் ஆக்ட் நிறுவனம் வெளியிட்டது. விஜய் ஐயரின் பெற்றோர் தமிழகத்திலிருந்து அமெரிக்கா சென்று குடியேறியவர்கள். அவர் 1971-இல் அங்கேயே பிறந்தவர். மூன்று வயதில் வயலின் பயிலத் தொடங்கினார். பியானோவைத் தாமே கேட்டுக் கேட்டுக் கற்றுக்கொண்டார். இயற்பியலும் கணிதமும் படித்துவிட்டு இசைக்கு வந்தவர்; 2014 முதல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். நிதின் மிட்டா நம் ஐதராபாத்தில் பிறந்தவர் என்பது நம் வாசகர்களுக்கு இனிப்பான செய்தி. இங்கே பண்டித ஜி. சத்தியநாராயணா அவர்களிடம் தபலா கற்றுப் பின்னர் அமெரிக்கா சென்றார். இராணிப்பேட்டையிலிருந்து புறப்பட்டவர் ஒருவர், ஐதராபாத்திலிருந்து புறப்பட்டவர் ஒருவர், புறப்பட்டவர்களின் மகன் ஒருவர் என்று மூவரும் அந்நிய மண்ணில் கூடினார்கள். இவ்விதழைப் படிக்கும் நாமும் ஏதோ ஒரு தலைமுறையில் புறப்பட்டு வந்தவர்களே. காட்பாடியிலோ திருச்சியிலோ வண்டியேறித் திருமுல்கேரியில் வேர்விட்டவர்கள் நம்முள் எத்தனை பேர்!

இனி இசையைக் கவனியுங்கள். பியானோவில் ஒரு ஸ்வரத்தை அணுவளவும் அசைக்க முடியாது. கட்டையை அழுத்தினால் விழுந்தது விழுந்ததுதான். கிட்டாரோ பிரசன்னாவின் கையில் ஓயாமல் அசைவது. அசையாததும் அசைவதும் ஒரே ராகச் சாயலில் எவ்வாறு கூடி வாழ்வது? இவர்கள் கண்ட வழி நயமானது. பியானோ ராகத்தைத் தானும் பாட முற்படவில்லை. அது தாழ்ந்த ஸ்தாயியில் நிலத்தைப்போல் விரிகிறது; சில சமயம் கருமேகம்போல் பல ஸ்வரங்களை ஒன்றாகத் திரட்டி வைக்கிறது. கிட்டார் அதன்மேல் நீரைப்போல் ஓடுகிறது. பின்னர் இருவரும் இடம் மாறிக்கொள்கிறார்கள். அடித்தந்தி வாசிப்பவர் எவரும் இல்லை. தபலாவின் இடக்கைப் பாகமே அந்த ஆழத்தைக் காத்து நிற்கிறது. ஒருவர் முன்னே நிற்க மற்றவர்கள் பக்கவாத்தியம் வாசிக்கும் கச்சேரி முறையும் இதில் இல்லை. பேசுகிறவர் யார், பதில் சொல்கிறவர் யார் என்பது நொடிக்கு நொடி மாறுகிறது. ஒன்பது உருப்படிகள், பிரசன்னா இயற்றியவையும் உண்டு, ஐயர் இயற்றியவையும் உண்டு. பட்டியலைப் பாராமல் கேட்டு, எது எவருடையது என்று ஊகிக்க முயலுங்கள். பலமுறை தவறுவீர்கள். அத்தவறுகளே இத்தட்டுக்கு நான் தரும் நற்சான்று.

தீர்த்தம் என்றால் நமக்குக் கோயில் குளமும் செம்பு நீரும் நினைவுக்கு வரும். வடமொழியில் அச்சொல்லுக்கு ஆற்றைக் கடக்கும் துறை என்பது பழம்பொருள். கடப்பவர்கள் இட்ட பெயராதலின் அப்பொருளே பொருத்தம் என்று கொள்ளலாம். ஒன்று கவனித்தேன்: இந்தியா என்றவுடன் மேனாட்டார் எதிர்பார்க்கும் ஊதுவத்திப் புகை இதில் அறவே இல்லை. எவருக்கும் தங்கள் நாட்டை விளம்பரம் செய்து காட்டும் அவசியம் இம்மூவருக்கும் இருக்கவில்லை.

பிரசன்னாவின் பிற பணிகளைச் சுருங்கச் சொல்கிறேன். ‘ஸ்மைல் பிங்கி’ என்ற ஆவணப் படத்துக்கு அவர் இசையமைத்தார். உதடு பிளந்து பிறந்த ஓர் ஏழைச் சிறுமியின் கதையான அப்படம் 2009-இல் ஆஸ்கார் விருது பெற்றது. இளையராஜா, ஏ.ஆர். ரஹ்மான் ஆகியோரின் இசையிலும் அவர் கிட்டார் ஒலித்ததுண்டு. சென்னைக்குத் தெற்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில் 2010-இல் தோன்றிய சுவர்ணபூமி இசைக் கல்லூரிக்குத் தலைவராக இருந்து இளைஞர்களைப் பயிற்றுவித்தார்.

அண்மையில் இப்பகுதிக்கு ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் நம் வட்டாரத்து அம்மையார் ஒருவர். ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் மகன் கிட்டார் வேண்டுமென்று அடம்பிடிக்கிறானாம். கணவர், மிருதங்கம் கற்றால் கற்கட்டும், இல்லையேல் ஒன்றும் வேண்டா என்கிறாராம். வீட்டில் பையன் பேசுவது பாதி தெலுங்கு, பாதி ஆங்கிலம். கிட்டாரும் வந்துவிட்டால் தமிழன் என்ற அடையாளமே போய்விடாதா என்று மாமனார் வருந்துகிறாராம். அவர் வருத்தத்தை நான் சிறிதாக எண்ணவில்லை. ஊரைவிட்டு வந்தவர்களுக்குப் பிடித்துக்கொள்ளக் கிடைப்பவை மிகச் சிலவே. அவற்றுள் சங்கீதம் ஒன்று. கை தளர்ந்தால் அதுவும் போய்விடுமோ என்ற அச்சம் இயற்கையே.

ஆனால் அம்மையாரே, கிட்டார் தானாக எவரையும் அந்நியராக்கிவிடாது. பிரசன்னாவின் கமகம் கிட்டாரிலிருந்து வந்ததன்று. குருவின் வாயிலிருந்து காதுக்கும், காதிலிருந்து விரலுக்கும் வந்தது. ஆகவே தங்கள் மகனுக்குக் கிட்டார் வாங்கிக் கொடுங்கள். ஒரு நிபந்தனையும் விதியுங்கள். வாரத்தில் இரண்டு நாள் வாய்ப்பாட்டு வகுப்புக்குச் செல்ல வேண்டும். சரளிவரிசையும் அலங்காரமும் தொண்டையில் ஏறட்டும். ஒரு வர்ணமாவது பாடத் தெரியட்டும். பாடத் தெரிந்ததை விரல் தேடிக் கண்டுபிடிக்கும். பாடத் தெரியாததை எந்த ஆசிரியரும் விரலில் ஏற்றிவிட முடியாது. தங்கள் கணவர் விரும்பும் மிருதங்கமும் வீணாகாது. தாளக்கட்டு இல்லாத கிட்டார்க்காரர் மேற்சொன்ன மூவருடன் ஒரு நிமிடமும் நிற்க இயலாது. மாமனாருக்கு முதலில் பிரசன்னாவின் கீர்த்தனைத் தட்டு ஒன்றைப் போட்டுக் காட்டுங்கள். ‘எலெக்ட்ரிக் கணேஷா லேண்டை’ ஆறு மாதம் ஒளித்து வையுங்கள்.

நம் நவராத்திரி விழாவில் ஒரு மாலையை இத்தகைய பிள்ளைகளுக்கு ஒதுக்கலாம் என்பதை விழாக் குழுவினர் முன் வைக்கிறேன். ஒரு வர்ணமும் இரண்டு கீர்த்தனைகளும் வாசிக்கத் தெரிந்தவர் எவரானாலும், எக்கருவியானாலும் மேடை ஏறலாம் என்று விதி செய்தால் போதும். கருவியைப் பார்த்து மறுப்பதைவிட, வர்ணத்தைக் கேட்டு மறுப்பது நியாயமானது.

கடைக்குச் செல்லும் பெற்றோருக்கு ஒரு செய்தி. தொடக்கநிலை மாணவருக்கு ஏற்றதென்று நைலான் தந்திக் கிட்டாரைக் கடைக்காரர்கள் எடுத்துக் காட்டக்கூடும். விரலுக்கு அது மிருதுவாக இருக்கும் என்பது மெய். ஆனால் நைலான் தந்தியை எவ்வளவு இழுத்தாலும் ஸ்வரம் போதிய அளவு ஏறாது. நம் இசையை வாசிக்கும் எண்ணம் இருந்தால், மெல்லிய எஃகுத் தந்தி பூட்டிய மின்கிட்டாரையே கேட்டு வாங்க வேண்டும். முதல் இரண்டு மாதம் விரல்நுனி காய்த்துப்போகும். அதற்குப் பையன் முன்னதாகவே சம்மதிக்கட்டும்.